சூட்டுக்குறித் தண்டனை: இடைக்காலத்தின் எச்சமா?

குற்றவாளியின் உடலில் சூட்டுக்கோலால் குறியிடுவது இடைக்காலக் கொடுமை. வேதனையும் அவமானமுமே அதன் நோக்கம். மனிதநேயம் வளர்ந்ததும் அது மறைந்தது என்பது பரவலான கருத்து. சட்ட வரலாறு இதை ஏற்கவில்லை.

இடைக்காலத்துக்கு மட்டும் உரியது என்பது முதல் பிழை. முகத்தில் குறியிடுவதை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டிலேயே தடுத்தார். ஆனால் கையிலும் கெண்டைக்காலிலும் இட அனுமதித்தார். பிரான்சில் புரட்சி அரசு 1791-இல் இத்தண்டனையை நீக்கியது. நெப்போலியன் ஆட்சி அதை மீட்டு, 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலும் சேர்த்தது. அது ஒழிந்தது 1832-இல்தான். ரஷ்யாவில் 1863 வரை நீடித்தது. நவீன சட்டத் தொகுப்புக்கு முன்மாதிரி தந்ததாகப் போற்றப்பட்ட நெப்போலியன் அரசே அதைத் திரும்பக் கொண்டுவந்தது என்பதால், காலம் முன்னேற முன்னேறக் குறி மங்கியது என்று சொல்ல இடமில்லை.

காய்ச்சிய இரும்பே கருவி என்பது இரண்டாவது பிழை. சீனாவிலும் எடோ கால ஜப்பானிலும் குற்றவாளிகளுக்குப் பச்சை குத்தினர். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1797-இல் விதித்த ‘கோத்னா’வும் அத்தகையதே. ஆயுள் கைதியின் நெற்றியில் அவனது குற்றமும் தீர்ப்பின் விவரமும் பச்சை குத்தப்பட்டன. பின்னர் சென்னை மாகாணத்திலும் இம்முறை வந்தது. 1849-இல்தான் சட்டம் அதை நிறுத்தியது.

மூன்றாவது பிழை நோக்கம் பற்றியது. இங்கிலாந்தில் எழுத்தறிந்தவர் ‘குருமார் சலுகை’ கோரித் தூக்கிலிருந்து தப்ப முடிந்தது. பாதிரியார் அல்லாதவர் அதை ஒருமுறைக்கு மேல் பெறாதிருக்க, 1489-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களது பெருவிரலில் குறியிடச் செய்தது: கொலைக்கு ‘எம்’, திருட்டுக்கு ‘டி’. அடுத்த முறை வழக்கு வந்தால் நீதிபதி விரலைப் பார்ப்பார். சூடு வலித்தது உண்மை. ஆயினும் அக்குறியின் முதன்மை வேலை, முன்பு பெற்ற சலுகைக்குச் சான்றாக நிற்பது. கோத்னாவும் தப்பியோடும் கைதியை அடையாளம் காட்டவே பெரிதும் கருதப்பட்டது.

இரக்கமே அதை ஒழித்தது என்பது நான்காவது பிழை. இங்கிலாந்து 1699-இல் திருடர்களின் கன்னத்தில் சூடிட ஆணையிட்டு, சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. முகத்தில் வடு உள்ளவனுக்கு எவரும் வேலை தரவில்லை. பிழைக்க வழியற்றவன் மீண்டும் திருட்டுக்கே போனான். குற்றத்தைத் தடுக்க வந்த சட்டம் குற்றவாளியை வளர்த்தது என்ற கணக்கே அங்கு வென்றது. இந்தியாவில் கைதிகள் தலைப்பாகையை இறக்கிக் கட்டி நெற்றியை மறைத்துக்கொண்டனர். தீர்ப்பு தவறென்று பின்னர் தெரிந்தாலும் குத்திய பச்சையைத் திரும்பப் பெற வழியில்லை.

குறி போனாலும் ஆளை அடையாளம் காணும் தேவை போகவில்லை. அங்க அடையாளப் பதிவேடும், பிறகு புகைப்படமும், பிரெஞ்சுக் காவல்துறையின் பெர்டில்லோன் வகுத்த உடலளவு முறையும் அந்த வேலையை ஏற்றன. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. மனிதநேய வாதங்களுக்கும் குறியின் ஒழிப்பில் பங்குண்டு. ஆனால் அவற்றோடு, குறி பயன் தராமல் கேடு விளைவித்த அனுபவமும், ஆளின் விவரத்தைத் தோலிலிருந்து ஏட்டுக்கு மாற்றும் நிர்வாகத் திறனும் சேர்ந்தே அத்தண்டனைக்கு முடிவுகட்டின.