தளர்ந்த வயிறும் தளராத அலட்சியமும்

தாடிக்கொம்பில் ஒரு குடும்பத் தலைவருக்குக் குடலிறக்கம் கண்டால் வீடே பதறுகிறது. திண்டுக்கல்லுக்கு அழைத்துச் சென்று அறுவை செய்து, ‘பாரம் தூக்கக்கூடாது’ என்று மாதக்கணக்கில் காக்கிறார்கள். அதே வீட்டில் மூன்று மக்களைப் பெற்றவளின் வயிறு நடுவே விலகித் துருத்தி நின்றால், ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்’ என்பதோடு பேச்சு முடிகிறது. இந்த இரட்டை அளவுகோலை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வயிற்றின் முன்புறத்தில் விலாவிலிருந்து இடுப்பெலும்புவரை இரு நெடுந்தசைகள் இறங்குகின்றன. அவற்றை நடுவே இணைப்பது ஒரு வெண்ணார்ப் பட்டை. கரு வளர வளரப் பட்டை விரிகிறது, தசைகள் விலகுகின்றன. பேற்றுக்குப் பின் பலருக்கு அவை தாமே நெருங்கிவிடுகின்றன. எல்லாருக்கும் அல்ல. நார்வேயில் முதற்பேறு கண்ட 300 பெண்களை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், ஆறு வாரத்தில் 60 விழுக்காட்டினருக்கும், ஓராண்டுக்குப் பின்னரும் ஏறத்தாழ 33 விழுக்காட்டினருக்கும் விலகல் இருந்தது. பெரும்பாலோர்க்கு அது லேசானதே. ஆனால் விலகல் பெரிதாகித் தொப்புளருகே பிதுக்கமும் கண்டவளுக்குக் குனிவதும் குடம் தூக்குவதும் துன்பமல்லவா?

‘இது அழகு நாடும் ஆடம்பரம்’ என்பாரும் உளர். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைகூட இவ்வறுவையைப் பெரும்பாலும் அழகுச் சிகிச்சையென ஒதுக்குகிறது. ‘படைத்தவன் தந்த உருவை மாற்றலாமா?’ என்றும் நம்மவர் கேட்பர். விலகிய தசையை மீண்டும் இணைத்துத் தைப்பது உருவை மாற்றுவதா, பழைய நிலைக்கு மீட்பதா? 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நோயாலும் விபத்தாலும் நேர்ந்த குறைகளைச் சீர்செய்யும் அறுவைக்கு இடமளித்தே தீர்மானித்தது. மகப்பேறு தந்த குறைக்கு மட்டும் வேறு நியாயமா?

அதற்காக எல்லாரும் கத்திக்குக் கீழே படுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒட்டிய வயிற்றை விளம்பரப்படுத்தி விலை பேசும் வணிகத்தையும் நாம் ஏற்கவில்லை. முதலில் முறையான தசைப் பயிற்சி. பிரான்சில் பேறுகாலத்துக்குப் பிந்திய இடுப்புத்தளப் பயிற்சியின் செலவைப் பொதுக் காப்பீடே ஏற்கிறது. பயிற்சியால் தீராத விலகலுக்கும் பிதுக்கத்துக்குமே அறுவை. அதுவும் இனிப் பிள்ளைப்பேறு வேண்டாம் என்று தீர்மானித்த பின்னரே நன்று. மீண்டும் கருவுற்றால் தையல் தளரக்கூடும். தழும்பும் கிருமித் தொற்றும் நேரலாம் என்பதையும் முன்னரே அறிய வேண்டும்.

நாற்பது நாள் வயிற்றில் துணி சுற்றிக் கட்டினால் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. கட்டு, வயிற்றைத் தாங்கும், தசைக்கு வலிவூட்டாது. நாற்பது முடிந்த மறுநாளே அவள் தலையில் குடும்பப் பாரம் முழுவதையும் ஏற்றுவது அறமாகுமா?

தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே அரசு மருத்துவமனை உண்டு. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. தூரம் சாலையில் இல்லை, நம் மனத்தில் இருக்கிறது. கணவன்மாரே, மாமியார்மாரே! உங்கள் குலம் தழைக்கச் சுமந்த வயிறு அது. அதை மருத்துவரிடம் காட்ட அவள் உங்களிடம் கெஞ்ச வேண்டுமா? நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.