பழைய வண்டியும் புதிய பகட்டும்

பழைய ஊர்தியை வாங்குகின்றவன் இருமுறை விலை கொடுக்கின்றான். முதல் விலை விற்றவனுக்கு. இரண்டாம் விலை தன் அறியாமைக்கு. அவ்விரண்டாம் விலையைக் குறைப்பது எப்படி என்பதே இங்கு நம் ஆய்வு.

என்னிடம் பயின்ற ஒருவர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளர். ஊரிலுள்ள அவர்தம் சிறு தோட்டத்திற்கு ஏரிக்கரை வழியே போகவேண்டும். மழைக்காலத்தில் அவ்வழி முழங்காலளவு சேறு. அதற்கெனவே, மக்கள் 'சீப்' என்று வழங்கும் பழைய கரட்டுநில வண்டியொன்றை வாங்கினார், மகிந்திராவின் எம்.எம். 540 வகை. அடுத்த கிழமையே ஒரு பட்டியலுடன் வந்தார்: பெரிய 'டயர்', கூரைமேல் எட்டு விளக்கு, முன்னால் இழுவைப்பொறி, புதுவண்ணம். அத்தனையும் கடனில்! அவர் வேலை நீடிக்குமா என்பது ஐயம். கடன் நீடிப்பதில் ஐயமில்லை. "எல்லாரும் இப்படித்தான் செய்கின்றார்கள், ஐயா" என்றார். எல்லாரும் செய்வது என்றைக்குச் சான்றாயிற்று?

அவ்வண்டியின் பெருமையே அதன் எளிமைதான். இரண்டாம் உலகப்போரிற் படைவீரர் கையாண்ட அமெரிக்க வில்லிசு வண்டியை, மகிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் பூட்டத் தொடங்கிற்று. அவ்வழியில் வந்ததே இது. பிரெஞ்சுப் பியூசோ வடிவமைப்பிலான இதன் 2112 கன செ.மீ. 'டீசல்' பொறிக்குக் கணிப்பொறிக் கட்டளை வேண்டா. எக்கியே எரிநெய்யை அளந்து ஊட்டும். தாங்குவன விற்பட்டைகளே. ஊர்ப் பட்டறையிற் கைக்கருவி கொண்டே கழற்றிப் பூட்டலாம். உறுப்பு வேண்டுமாயின் சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம்.

இதில் அளவுக்கு மீறிய 'டயரை' மாட்டினால் என்னாகும்? பொறியின் இழுவைத்திறன் குறையும். 'கிளச்சு' விரைந்து தேயும். அச்சுக்கும் திருப்பு மூட்டுகளுக்கும் சுமை கூடும். விரைவுகாட்டியும் உண்மை விரைவைக் குறைத்துக் காட்டும். மிகை ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காலத்து வண்டிக்கே தெரிந்த உண்மையன்றோ?

சட்டமும் நம் பக்கமே. பதிவிற் குறித்த அமைப்பு, உருவாக்கியோர் வகுத்ததினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கின்றது 1988-ஆம் ஆண்டு ஊர்திச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 சனவரியில் உச்சநயன்மன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. மேலும், 15 ஆண்டு கடந்த மகிழுந்து வகைகளின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்பிரலில் 600 உருபாவினின்று 5,000 ஆயிற்று; 20 ஆண்டு கடந்தவற்றிற்கு 2025-இல் 10,000 ஆயிற்று. பகட்டுக்குக் கொட்டும் காசை இதற்கு எடுத்து வைப்பதே அறிவுடைமை.

பின் எதைத்தான் செய்வது? முதலில் 'பிரேக்கு', அடுத்துத் திருப்பு மூட்டுகள். ஓடாத வண்டி கேடு செய்யாது. நில்லாத வண்டி கொல்லும். பிறகு பொறி, பல்லிணைப்பெட்டி, பகிர்வுப்பெட்டி, முன்பின் அச்சுகள் ஆகியவற்றின் எண்ணெயை மாற்றுக. அச்செண்ணெய் பால்போல் வெளிறியிருப்பின் நீர் புகுந்துளது என்றறிக. எரிநெய்க் குழாயிற் காற்றுப் புகுந்து பொறி நின்றால், வடிகட்டியின் திருகைத் தளர்த்திக் கையெக்கியால் காற்றை வெளியேற்றப் பழகுக. காய்ந்த தார்ச்சாலையில் நான்குருளி இயக்கத்தை இடாதீர். வளைவில் முன்னுருளிகளும் பின்னுருளிகளும் வெவ்வேறு தொலைவு உருளவேண்டியிருத்தலின், இணைப்புகள் முறுக்கேறிப் பழுதாகும்.

பழைய வண்டி புகை மிகுந்தது, புதியதன் காப்பு அதற்கில்லை என்பார் கூற்று மெய்யே. ஆகவேதான் அதை நெடுஞ்சாலைப் பந்தயத்திற்கன்றி, ஏரிக்கரைச் சேற்றுக்கே வைத்துக்கொள்க என்கின்றோம்.

இவ்வெளிமையால் வரும் ஊதியம் பணமிச்சம் மட்டுமன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும், ஒரகடத்தில் 2010 முதலும் மகிழுந்துகள் உருவாகின்றன. ஆயினும் பூட்டுவரிசையில் நிற்கும் நம் இளைஞன் நாள்முழுதும் ஒரே திருகை முடுக்குகின்றான். அவன் கைவழி ஆயிரம் வண்டிகள் போகின்றன. ஒரு வண்டியையும் அவன் முழுமையாய் அறிந்தானில்லை. முழுப்பொறியையும் கழற்றி, உறுப்புக்குறுப்பு காரணங்கேட்டு, மீண்டும் பூட்டி ஓட்டும் வாய்ப்பு இப்பழைய வண்டியில் அவனுக்குக் கிடைக்கின்றது. விளக்கு எட்டை மாட்டிக்கொண்டு அவ்வாய்ப்பை இருட்டாக்கலாமா?

அம்மாணவர் பட்டியலை இன்னும் கிழிக்கவில்லை, மடித்துத்தான் வைத்திருக்கின்றார். ஆனால் சென்ற திங்கட் சம்பளத்தில் 'பிரேக்கை'ப் புதுப்பித்தார். ஞாயிறுதோறும் கையில் எண்ணெய்க் கறையோடு நிற்கின்றார். அக்கறையே அவருடைய பட்டம்.

தேவையை வாங்குவோம்; வாங்கியதை அறிவோம்; அறிந்ததைக் காப்போம்!