டெண்டர் விதியும் கோர்ட்டுப் பரிகாரமும்

சர்க்கார் தாமே எழுதி வெளியிட்ட டெண்டர் நிபந்தனையைத் தாமே மீறலாமா? மீறலாகாது என்று ஸுப்ரீம் கோர்ட்டார் 1979-ஆம் வருஷத்திலேயே தீர்ப்பளித்திருக்கின்றனர். ஆயினும் அவ்வழக்கு முடிந்த விதத்தை நம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பம்பாய் விமான நிலையத்தில் ஓர் இரண்டாந்தர ஹோட்டலும் இரு சிற்றுண்டிச் சாலைகளும் நடத்த 1977 ஜனவரியில் டெண்டர் கோரப்பட்டது. ஐந்து வருஷ அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாந்தர ஹோட்டல்காரர்களே விண்ணப்பிக்கலாம் என்பது விளம்பரம். ஏப்ரலில் கண்டிராக்டைப் பெற்றவர்களோ கான்டீன்கள் நடத்தியவர்களேயன்றி அந்த யோக்கியதை உடையவர்களல்லர். இது சட்டத்துக்கு முரணென்று நீதிபதி பகவதி விரிவாக எழுதினார். ஆனால் கண்டிராக்டு ரத்தாகவில்லை! மனுதாரர் ஐந்து மாதத்துக்கு மேல் தாமதித்து வந்தார். அதற்குள் கண்டிராக்டர்கள் சுமார் 1,25,000 ரூபாய் செலவிட்டுவிட்டனர். மனுதாரர் பிறர் தூண்டுதலால் வந்தவரென்றும் கோர்ட்டார் கண்டனர். அத்தகைய மனுதாரருக்காக நாம் பரிந்து பேசவில்லை. விதி ஏட்டில் வென்றது. விதிமீறலால் பயனடைந்தவரிடமே வேலை நிலைத்தது. இதுவே நமது ஆட்சேபம்.

2018-ஆம் வருஷத்துச் சட்டத்திருத்தமும், ஜார்க்கண்ட் சாலை வழக்கில் 2022-இல் வெளிவந்த ஸுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும் தடையுத்தரவைச் சுருக்கி, நஷ்டஈட்டையே பரிகாரமாகக் காட்டுகின்றன. தோற்ற கண்டிராக்டர் ஒவ்வொருவரும் ரிட் மனுவோடு ஓடினால் ஜனங்கள் ஆற்றை நீந்தித்தான் கடக்க வேண்டும் என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அந்த நஷ்டஈட்டைக் கொடுப்பவர் யார்? வரி செலுத்தும் குடிமக்களன்றோ!

நமது மாகாணத்து 1998-ஆம் வருஷத்து டெண்டர் சட்டம் பத்து நாளில் அப்பீல் செய்ய இடமளித்து, பதினைந்து நாளில் முடிவும் கேட்கிறது. நல்லதே. அப்பீல் போகுமிடமோ அதே சர்க்கார்! தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யும் குமாஸ்தாவை எந்த வியாபாரி வைத்துக்கொள்வார்?

ஐரோப்பிய யூனியனில் 2007-ஆம் வருஷத்து உத்தரவுப்படி, தோற்றவர்களுக்கு முடிவை அறிவித்தபின் குறைந்தது பத்து நாள் கழித்தே பெரிய கண்டிராக்டுகளில் கையெழுத்திடலாம். வழக்கென்றால் பணம் செலவாகுமுன், அந்த இடைவேளையிலேயே வந்துவிடும். இந்தப் பத்து நாளை இந்தியா முழுவதற்கும் சட்டமாக்க வேண்டுமென்பது நமது கோரிக்கை. சர்க்கார் கொள்முதலை ஒழுங்குபடுத்த 2012-இல் லோக்சபையில் கொணர்ந்த மசோதா, 2014-இல் சபை கலைந்ததும் காலாவதியாயிற்று. அத்தகைய மசோதா சட்டமாவதற்கு இன்னும் எத்தனை லோக்சபைகள் கலைய வேண்டுமென்று டில்லி மந்திரிகள் சொல்வார்களா?