நாற்காலி மோகமும் நம் சிறார் கல்வியும்

நம் சமூகத்தைப் பீடித்திருக்கும் நோய்கள் பல. மதுவென்றும் கடனென்றும் சாதியென்றும் அவற்றுட் சிலவற்றைச் சீர்திருத்தக்காரர் ஓயாது எடுத்துரைத்து வந்திருக்கின்றனர். ஆனால் நோயென்று எவரும் கருதாததும், பெருமையென்றே பலரும் போற்றுவதுமாகிய ஒன்று உண்டு. அதுவே நாற்காலி மோகம். நிழலில் அமர்ந்து எழுதுபவன் உயர்ந்தவன், வெயிலில் நின்று கருவி பிடிப்பவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணமே அது. அந்த எண்ணத்தினால் நம் சிறார் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தொழில் நுட்பத்தையும் எவ்வாறு இழந்து வருகின்றனர் என்பதைத் தமிழ் மக்கள் முன் வைக்கின்றோம். கசப்பாயிருப்பினும் மருந்து மருந்தேயாகும்.

இம்மோகம் எங்கிருந்து வந்தது? பாதி ஊரிலிருந்து வந்தது. கொல்லனையும் தச்சனையும் குயவனையும் தோல் பதனிடுபவனையும் திண்ணைக்குக் கீழே நிறுத்தி வைத்த சாதிப் பித்தை, மூட்டை முடிச்சுகளோடு நம் முன்னோர் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தனர். மறு பாதி தோட்டத்தில் வளர்ந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்ற நம்மவர் கண்டதென்ன? பங்களாவில் துரை, ஆபீசில் கிராணி, களத்தில் கங்காணி. துரையாதல் கனவிலும் இயலாது. ஆகவே, “என் மகன் கிராணியாக வேண்டும்” என்பதே தகப்பனின் தவமாயிற்று. புகைக்கூடத்தையும் உருளை இயந்திரத்தையும் அமைத்தவன் யார், அவன் என்ன கற்றான் என்று கேட்பார் ஒருவருமில்லை.

பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். 1877-ம் ஆண்டில் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. 1888-ல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடியாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பாற்குழாய்கள் பட்டையினுள் சற்றே சாய்ந்து சுற்றிச் செல்கின்றன. ஆதலின் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். வளர்படலத்தில் கத்தி பட்டால் மரம் புண்படும். விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் பெருகும். பார்மிக் அமிலத்தைச் சேர்த்தால் பால் உறையும். தாவர நூலும் கோணக் கணிதமும் இரசாயனமும் இவற்றில் அடங்கியிருக்கின்றன அன்றோ? மூன்று தலைமுறையாக இவற்றைக் கையினால் செய்தவர் நாம். நம் பாட்டிமார் இருட்டில், நெற்றி விளக்கொளியில், பட்டையின் கனத்தை விரல் நுனியால் அறிந்து வெட்டினர். அத்திறமைக்குக் கூலி கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை. ஏனெனில், அதன் காரணத்தை நமக்கு எவரும் கற்பிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

காரணம் அறியாததனால் நஷ்டமென்ன என்று கேட்பீர்களாயின், கேளுங்கள். நாம் சுமந்து சென்ற பாலில் உலர்ந்த இரப்பர் எத்தனை பங்கு என்று ஸ்டோரில் ஒருவர் கருவியிட்டு அளந்தார். பல தோட்டங்களில் அவ்வளவைக் கொண்டே கூலி கணக்கிடப்பட்டது. அளவு சரியா தவறா என்று தட்டிக் கேட்க நம்மிடம் நாவிருந்தது, கணக்கில்லை. விஞ்ஞானமறியாதவன் உழைப்பைப் பிறனே நிறுப்பான், விலையையும் பிறனே கூறுவான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

குற்றமெல்லாம் நம்முடையதென்று கூற வரவில்லை. மலாய் ஐக்கிய நாடுகளில் 1912-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுச் சிறார் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கும்படி செய்தது. சட்டம் பள்ளி என்றது. முதலாளி கொட்டகை என்று படித்துக்கொண்டான். பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் உபாத்தியாயராயினர். கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகவே இருக்கட்டும் என்பதே அக்கல்வியின் உட்பொருள். அவ்வநீதியை மறவோம். ஆனால், துரை போய்விட்டான், தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது, நம்மவர் பட்டணங்களில் குடியேறினர். பூட்டியவன் போனபின்பும் பூட்டைக் கட்டிக்கொண்டு அழுவது மானமுள்ளோர் செயலாமோ?

இன்றைய நிலையைப் பார்ப்போம். மாணாக்கரில் நூற்றுக்கு 60 பேர் விஞ்ஞான, தொழில் நுட்பப் பாடங்களையும், 40 பேர் ஏனைய பாடங்களையும் பயில வேண்டுமென்று 1967-ம் ஆண்டிலேயே மலேசியாவில் குறிக்கோள் வகுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அது நிறைவேறவில்லை. 1972-ல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்டெல் நிறுவனம் அவ்வாண்டே வந்தது. தோட்டம் விட்டு வந்த நம் பெண்மக்கள் பலர் அத்தகைய ஆலைகளில் நின்ற காலோடு உழைத்தனர். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு ஒரு சம்பளம். அது பழுதுபட்டால் திறந்து பார்க்கத் தெரிந்தவருக்கு வேறு சம்பளம். நடுவில் உள்ள தூரம் சில ஆண்டுப் படிப்பேயாகும். அத்தூரத்தை நம்மில் எத்தனை பேர் கடந்தோம்?

இனி, நம்மவர் கூறும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“என் பிள்ளை டாக்டராக வேண்டும், இல்லையேல் படித்து என்ன பயன்?” என்பர் சிலர். மருத்துவம் மேலான தொழில், மறுப்பாரில்லை. ஆனால் ஆர்வமும் தகுதியும் நோக்காது, வீட்டை அடகு வைத்து, பெயர்ப் பலகைக்காகப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவது கல்வியன்று, அது சூதாட்டம். 2016-ம் ஆண்டு டிசம்பர் முதல் மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டனர். 2021 ஜூலையில் அவர்கள் நிரந்தர வேலை கேட்டுக் கறுப்புடை தரித்து வெளியேறியதை நாடே கண்டது. டாக்டர் நாற்காலியும் ஆடும் நாற்காலியே என்பதை அறிந்த பின்னும், அதுவன்றி வேறில்லை என்று சாதிப்பது அறிவாகுமா?

“பட்டறை வேலை நமக்கு இழிவு” என்பர் வேறு சிலர். மலேசியாவில் 2006-ம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ்த் திறன் தகுதிகள் ஐந்து படிகளாக அமைந்திருக்கின்றன. நான்காம் படி டிப்ளமோ; ஐந்தாம் படி உயர் டிப்ளமோ. ஈப்போவில் 1969-ம் ஆண்டு முதல் உங்கு ஓமார் பாலிடெக்னிக் நடைபெறுகிறது. மின்கம்பி பொருத்துவோர்க்கும் மின்சாதனங்களைக் காப்போர்க்கும் எரிசக்தி ஆணையம் தகுதிச் சான்று வழங்குகிறது. செம்பனை ஆலையின் கொதிகலனைச் சான்று பெற்றவரே இயக்கலாம். சிங்கப்பூரில் 1992-ல் தோன்றிய தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடங்கிப் பாலிடெக்னிக்குச் சென்று பல்கலைக்கழகம் வரை ஏறிய மாணாக்கர் உண்டு. ஆனால், திருமணப் பேச்சில் மாப்பிள்ளை ‘டெக்னீஷியன்’ என்றால் முகம் சுளிப்பவர் நாம். நள்ளிரவில் மின்சாரம் நின்றால் யார் வாசலில் போய் நிற்போம் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்!

“கணக்கு எங்கள் வமிசத்திற்கே வராது” என்பது மூன்றாவது சமாதானம். கணக்கு இரத்தத்தில் ஓடும் பொருளன்று. அது ஏணி. பின்னம் விளங்காதவனுக்கு விகிதம் விளங்காது. விகிதம் விளங்காதவனுக்கு இயற்கணிதம் விளங்காது. நான்காம் ஆண்டில் ஒரு படி நழுவினால், நான்காம் படிவத்தில் பிள்ளை விழுகிறான். விழுந்த இடத்தைப் பார்த்து வமிசத்தைப் பழிக்கிறோம். நழுவிய படியைத் தேடிப் பார்ப்பதில்லை.

“தமிழ்ப் பள்ளியில் சேர்த்ததே தவறு” என்பாரும் உளர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் கிரீன் என்னும் அமெரிக்கர், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அன்று உடற்கூற்றையே தாங்கிய மொழி இன்று பின்னத்தைத் தாங்காதோ? மெய்யான இடர் வேறு. தமிழில் ‘பின்னம்’ என்று கற்ற குழந்தை, இடைநிலைப் பள்ளியில் ‘பெச்சஹான்’ என்ற மலாய்ச் சொல்லைக் கேட்டுத் திகைக்கிறது. பொருள் ஒன்று, பெயர் இரண்டு. இதற்கு வேண்டியது மும்மொழிச் சொற்பட்டியலும் சில மாதப் பயிற்சியுமே. தாய்மொழியைத் தொலைத்துத் தலைமுழுக வேண்டியதில்லை.

“பெண்ணுக்கு ஏன் இயந்திரப் படிப்பு?” என்போர்க்கு ஒரே விடை. இருளில் ஏணி வைத்துப் பால்மரம் வெட்ட அனுப்பியபோது அவள் பெண் என்பது நமக்கு நினைவில்லை. பொறியியல் கல்லூரிக்கு அனுப்பும்போது மட்டும் நினைவு வருகிறதோ?

இனிப் பெருமை பேசுவோர்க்கு ஒரு சொல். கணித மேதை இராமாநுஜன் தமிழரென்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர் 1912-ம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். அதாவது, நாம் தவம் கிடந்த கிராணி நாற்காலி அவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் அதனோடு நின்றாரா? கணக்கேட்டை விடவில்லை. 1914-ல் இங்கிலாந்து சென்றார். 1918-ல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அவர் படத்திற்கு மாலையிட்டுவிட்டு வீடு திரும்பி, “கூடுதல் கணிதம் கடினம், விட்டுவிடு” என்று மகளிடம் கூறுவோமாயின், அம்மாலை அவருக்கு மரியாதையா, அவமானமா?

அந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. மலேசியாவில் விஞ்ஞானப் பிரிவு, கலைப் பிரிவு என்னும் பழைய பாகுபாடு 2020-ல் எடுபட்டது. நான்காம் படிவத்தில் பாடத் தொகுதியைத் தெரிந்துகொள்ளும் முறை வந்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை கூடுதல் கணிதத்தையும் பௌதிகத்தையும் கைவிட்டால், பொறியியல் வாயில் பெரும்பாலும் அன்றே அடைபடுகிறது. அடைபட்டதென்பது இரண்டாண்டு கழித்தே பெற்றோர்க்குத் தெரிகிறது. தாய்க்கும் தந்தைக்கும் அதனை முன்கூட்டி எடுத்துரைக்க வேண்டியவர் யார்? நம் சங்கங்கள்தாம்.

சங்கத் தலைவர்களே, கனவான்களே! நட்சத்திர இரவுகளுக்கு மண்டபம் நிறைக்கத் தெரிந்த நீங்கள், பாடத் தொகுதி தெரிந்தெடுக்குமுன் ஒரு மாலை பெற்றோரைக் கூட்டுங்கள். பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தில் வாரம் இருமுறை கணித வகுப்பு நடத்துங்கள்; எட்டு, ஒன்பது வயதிலேயே தொடங்குங்கள். பொறியியலும் கைத்திறனும் கற்று முன்னேறிய நம் இளைஞரை மேடையேற்றி, அவர் வழியை அவர் வாயாலேயே கூறச் செய்யுங்கள். ஆண்டுக்கொரு முறை சிறாரைப் பேருந்தில் ஏற்றி ஒரு பாலிடெக்னிக்கையும் ஓர் ஆலையையும் காட்டுங்கள். இவற்றிற்கு அரசாங்க ஆணையும் வேண்டா. மந்திரியின் தயவும் வேண்டா.

பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும் பாதகமில்லை. எந்தப் பக்கத்தில் கை நின்றுவிட்டதென்று கேளுங்கள். அந்தப் பக்கத்தை நாளைக்கே ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.