யோனாவும் ஆட்டுக்குட்டியும்

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரமெல்லாம் வேலைசெய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர. நம் சபைகள் பலவற்றில் அது மனப்பாட வசனப் போட்டியாகச் சுருங்கிவிட்டது (எவர்சில்வர் டம்ளர் பரிசு வேறு!). ஆனால் சின்னப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். “மீன் வயித்துக்குள்ள யோனாவுக்கு மூச்சு முட்டலையா, டீச்சர்?” என்று மடக்குகிற பிள்ளை, அடுத்த நிமிடமே வீட்டில் சுணங்கிக் கிடக்கும் ஆட்டுக்குட்டிக்காகக் கண்ணை இறுக மூடி ஜெபிக்கிறது. கேள்வியும் நம்பிக்கையும் அதற்கு ஒரே மூச்சில் வருகின்றன. கேள்வி கேட்டாலே அவிசுவாசம் என்பது பெரியவர்கள் கட்டிய கதை. பிள்ளைகளைத் தடுத்த சீஷர்கள்மேல் இயேசு கோபப்பட்டதாகத்தான் மாற்கு எழுதுகிறார். ஆசிரியர்களே, பதில் தெரியாவிட்டாலும் அதட்டாதீர்கள்.