செஸ் இன்ஜின் ரேட்டிங்: எண்ணை விட முக்கியம் பக்கத்தில் இருக்கும் ‘பிளஸ்-மைனஸ்’!

ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினின் ரேட்டிங் 3600-ஐ ஒட்டி இருக்கிறது. மேக்னஸ் கார்ல்சன் தொட்ட உச்சம் 2882. ‘அப்போ மெஷின் மனுஷனை விட 700 புள்ளி முன்னாடி இருக்கு’ என்று சட்டென்று கழித்துச் சொல்லிவிடுகிறோம். மெஷின்தான் பலசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கழித்தல் கணக்கு தப்பு. இரண்டும் வேறு வேறு தராசில் நிறுத்த எடைகள்.

ரேட்டிங் எப்படி வருகிறது?

ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பட் எலோ உருவாக்கிய முறை இது. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் இதை ஏற்றுக்கொண்டது. இதில் வித்தியாசத்துக்கு மட்டும்தான் அர்த்தம் உண்டு. 100 புள்ளி அதிகம் இருப்பவர் சராசரியாக 64% புள்ளிகளை எடுப்பார். 200 அதிகம் என்றால் 76%. எல்லோருக்கும் 500 புள்ளி கூட்டிப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

மனிதர்களுக்கு, ஆடி முடித்த ஆட்டங்களை வைத்துப் பழைய ரேட்டிங்கில் கூட்டிக் கழிப்பார்கள். இன்ஜின் கதை வேறு. ஒரு வெர்ஷனின் பலம் நாளுக்கு நாள் மாறாது என்பதால், எல்லா ஆட்டங்களையும் மொத்தமாக ஒரு சாஃப்ட்வேரில் கொடுத்துவிடலாம். பிரான்சைச் சேர்ந்த ரெமி கூலோமின் பேயஸ்எலோ, மிகேல் பல்லிகோராவின் ஓர்டோ இரண்டும் இந்த வேலைக்காகவே எழுதப்பட்டவை. நடந்த எல்லா முடிவுகளோடும் நன்றாகப் பொருந்துகிற ரேட்டிங்குகளை இவை ஒரே நேரத்தில் தேடிக் கண்டுபிடிக்கும். வெள்ளைக் காயோடு ஆடுபவருக்கு இருக்கும் சாதகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் பட்டியல் எந்த எண்ணில் தொடங்க வேண்டும்? அதை முடிவு செய்வது, சாஃப்ட்வேரை இயக்குபவர்தான். 2006-ல் உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸிடம் 4-2 எனத் தோற்றார். அதன் பிறகு மனிதர்களும் டாப் இன்ஜின்களும் சரிசமமாக மோதுவது ஏறக்குறைய நின்றுபோனது. இன்ஜின்கள் இன்ஜின்களோடு மட்டுமே ஆடுகின்றன. பிறகு எப்படி 2882-ஐயும் 3600-ஐயும் ஒப்பிடுவது?

10 ஆட்டம் போதுமா?

புது வெர்ஷன் ஒன்று 10 ஆட்டங்களில் 3 வெற்றி, 1 தோல்வி, 6 டிரா எடுக்கிறது என வைத்துக்கொள்வோம். ஸ்கோர் 6-4. ஃபார்முலா ‘70 புள்ளி முன்னிலை’ என்று சொல்லும். கேட்க நன்றாக இருக்கும்.

ஆனால் முடிவு கிடைத்தவை 4 ஆட்டங்கள்தான். பூவா தலையா போட்டுப் பாருங்கள். 4 முறை சுண்டினால், 3 முறையோ அதற்கு மேலோ தலை விழ 16-ல் 5 வாய்ப்பு உண்டு. அதாவது, இரண்டும் சமபலம் என்றாலும் இந்த முடிவு சாதாரணமாகவே வரும். 100 ஆட்டங்கள் ஆடி அதில் பாதி டிரா என்றாலும் சுமார் 50 புள்ளி இப்படியோ அப்படியோ போகலாம். அதை 5 புள்ளியாகக் குறைக்க 10,000 ஆட்டங்கள் வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் குழு ஒரு சின்ன மாற்றத்தைச் சேர்க்கக்கூடத் தன்னார்வலர்களின் கணினிகளில் பல்லாயிரம் ஆட்டங்களை ஓட்டுவது அதனால்தான்.

பேயஸ்எலோவும் ஓர்டோவும் இந்த பிளஸ்-மைனஸைத் தாங்களே கணக்கிட்டுக் கொடுக்கின்றன. அதைக் கத்தரித்துவிட்டுப் பெரிய எண்ணை மட்டும் ஷேர் செய்வது நாம்தான்.

பாதியான இடைவெளி

இன்னொரு சிக்கலும் உண்டு. 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட், ஆல்ஃபாஸீரோ ஸ்டாக்ஃபிஷ் 8-ஐத் தோற்கடித்ததாக அறிவித்தது. 100 ஆட்டம், 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. 64% ஸ்கோர், அதாவது 100 புள்ளி வித்தியாசம். இது வெறும் அதிர்ஷ்டம் இல்லைதான். ஆனால் ஒரு நகர்த்தலுக்கு 1 நிமிடம் என்ற நேர விதியும், ஸ்டாக்ஃபிஷுக்கு ஒதுக்கிய குறைந்த மெமரியும் விமர்சிக்கப்பட்டன.

ஓராண்டு கழித்து, ஆட்டத்துக்கு 3 மணி நேரம் கொடுத்து நடந்த 1,000 ஆட்டங்களின் முடிவு வெளியானது. 155 வெற்றி, 6 தோல்வி, மீதி டிரா. கணக்குப் போட்டால் வித்தியாசம் சுமார் 52 புள்ளிதான். வென்றது அதே ஆல்ஃபாஸீரோதான், ஆனால் இடைவெளி கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. எந்த நேர விதி, எந்த ஹார்ட்வேர் என்று சொல்லாத ரேட்டிங், ஊர் பேர் இல்லாத விலாசம் மாதிரி.

செஸ் ஆடாதவருக்கு என்ன?

2023-ல் தொடங்கிய சாட்பாட் அரீனா, ஏஐ மாடல்களை வரிசைப்படுத்த முதலில் எலோவையும், பிறகு பேயஸ்எலோவின் அடியில் இருக்கும் அதே பிராட்லி-டெர்ரி மாடலையும் எடுத்துக்கொண்டது. ஆபீஸில் எந்த ஏஐ டூலுக்குச் சந்தா கட்டலாம் என்ற பேச்சில் இந்த வரிசை இன்று வந்து நிற்கிறது. முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் 5 புள்ளி வித்தியாசம், பிளஸ்-மைனஸும் 5 என்றால், யார் முதலிடம் என்று அந்தப் பட்டியலால் சொல்லவே முடியாது.

ரேட்டிங் சாஃப்ட்வேர் பொய் சொல்வதில்லை. தனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அதில் பாதியை மட்டும் படித்துவிட்டுக் காசை எடுத்து வைப்பது நம் தவறு. அடுத்த முறை யாராவது ஒரு ரேட்டிங்கை நீட்டினால், ‘யாரோடு, எத்தனை ஆட்டம், பிளஸ்-மைனஸ் எவ்வளவு?’ என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அந்த எண்ணை நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை.