பொம்மையைப் பார்த்து நிஜக் கார் செய்யச் சொன்ன மனிதர்

கொஞ்சம் நீளமான பதிவுதான். ஞாயிற்றுக்கிழமை, நிதானமாகப் படியுங்கள்.

இன்று பாப் லாரிவீ என்ற அமெரிக்கரை நினைவுகூர நினைக்கிறேன். நம்மில் பலர் கேள்விப்படாத பெயர். டெட்ராய்ட் நகரத்துக் கார் காட்சிகளை வளர்த்து, அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். அவர் எத்தனை காட்சி நடத்தினார் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. கடையில் விற்ற ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு அவர் கொடுத்த மரியாதைக்காக எழுதுகிறேன்.

முதலில் மாடல் கார் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை அல்ல. பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது, பாகங்கள்தான் இருக்கும். சக்கரம், என்ஜின், இருக்கை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே காரை உருவாக்க வேண்டும். டெட்ராய்ட் வட்டாரத்தைச் சேர்ந்த ஏ.எம்.டி. நிறுவனம் 1958-ல் ஒரு புதுமை செய்தது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்யப் பாகங்கள் கொடுத்தது. கம்பெனியில் வந்தபடியே செய்யலாம், அலங்காரக் காராக மாற்றலாம், பந்தயக் காராகவும் ஆக்கலாம். எதைச் செய்வது என்று முடிவெடுப்பவன் பையன்தான்.

இனி டெட்ராய்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, கனத்தைக் குறைத்து, என்ஜினை முடுக்கி ஓட்டினார்கள். ‘ஹாட் ராட்’ என்று பெயர். தெருவிலேயே பந்தயம் விட்டதால் போலீஸ் தொல்லை, விபத்து, ஊரார் ஏச்சு. பந்தயத்துக்கென்று தனி ஓடுதளம் வேண்டும், அதற்குப் பணம் திரட்ட வேண்டும் என்று மிச்சிகன் ஹாட் ராட் சங்கம் 1953-ல் ஒரு கார் காட்சி நடத்தியது. டெட்ராய்ட் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் சுமார் 40 கார்கள். அதுதான் ‘ஆட்டோரமா’. இன்றும் நடக்கிறது. அந்த வட்டாரத்து ஹாட் ராட் இளைஞர்களிலிருந்து வந்தவர்தான் லாரிவீ. பின்னாளில் காட்சி நடத்துவதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். பல நகரக் காட்சிகளுக்குப் பொதுவான விதிகளும் மதிப்பெண் முறையும் தந்த சர்வதேசக் காட்சிக் கார் சங்கம் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது கதைக்கு வருவோம். 1968-ல் மோனோகிராம் என்ற கம்பெனி ‘ரெட் பேரன்’ என்ற மாடல் காரை வெளியிட்டது. வரைந்தவர் டாம் டேனியல். முதல் உலகப் போரில் புகழ்பெற்ற ஜெர்மானிய விமானி ரிக்டோஃபனின் பட்டப்பெயர் அது. பழைய ஃபோர்டு சாயலில் ஒரு சிறு வண்டி, முன்னால் விமான என்ஜின், கூரைக்குப் பதிலாக ஒரு பெரிய ஜெர்மன் ராணுவத் தொப்பி. பார்த்தால் சிரிப்பு வரும். அப்படி ஒரு கார் உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. வழக்கமாக நிஜக் காரைப் பார்த்துத்தான் மாடல் செய்வார்கள். இதுவோ வெறும் கற்பனை.

அந்த மாடலைப் பார்த்த லாரிவீ, “பொம்மைதானே” என்று கடந்து போகவில்லை. அதை உண்மையான அளவில் செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். வேலையை டெட்ராய்டில் ஸ்டைலைன் கஸ்டம்ஸ் என்ற பட்டறை வைத்திருந்த சக் மில்லரிடம் ஒப்படைத்தார். மில்லர் சாதாரண ஆள் இல்லை. ஆட்டோரமாவின் மிக உயர்ந்த பரிசான ரிட்லர் விருதை 1968-ல் தன்னுடைய ‘ஃபயர் டிரக்’ காருக்காக வாங்கியவர். பொம்மையை நிஜமாக்கும் வேலையை, கையில் இருந்தவர்களில் சிறந்த ஆளிடம் கொடுத்தார் லாரிவீ. அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வேலை சுலபமா? இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. அந்த மாடல் 24-ல் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம். மாடலில் 1 மில்லிமீட்டர் பிசகினால் நிஜக் காரில் அது 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். நீளம் 24 மடங்கு ஆனால் பரப்பு 576 மடங்கு, கன அளவு 13,824 மடங்கு. கையில் இறகு போல இருந்த பொருளுக்கு எடை வந்துவிடுகிறது. மாடலில் என்ஜின் ஓட வேண்டாம், ஆள் உட்கார வேண்டாம். நிஜத்தில் இரண்டும் வேண்டும். மாடலில் இருந்தது பழைய விமான என்ஜின். மில்லர் அதற்குப் பதிலாக ஆறு சிலிண்டர் பான்டியாக் கார் என்ஜினைப் பொருத்தினார். 1969 வாக்கில் அந்தக் கார் காட்சிகளுக்குப் போனது. 1970-ல் ஹாட் வீல்ஸ் அதே ரெட் பேரனை உள்ளங்கையில் அடங்கும் வண்டியாக வெளியிட்டது. பொம்மை காராகி, மறுபடி பொம்மையும் ஆனது.

அந்தக் காட்சிக்கு அப்பாவோடு வந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தன் மேஜையில் ஒட்டிய அதே வண்டி, கயிறு கட்டிய மேடையில் பளபளவென்று நிற்கிறது. சுற்றிலும் பெரியவர்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். தன் கைவேலை வெறும் விளையாட்டு அல்ல என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“சார், அவர் வியாபாரிதானே, டிக்கெட் விற்கத்தானே செய்தார்?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். ஆமாம், வியாபாரிதான். அதில் தவறில்லை என்பதே என் கருத்து. தர்மத்துக்குச் செய்கிற உதவி மனம் மாறினால் நின்றுவிடும். அவருக்கும் லாபம், மாடல் கம்பெனிக்கும் லாபம், பையனுக்கும் பெருமை என்றால் அந்த ஏற்பாடு நீடிக்கும். கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் காட்சிகள் நடத்திய டேரில் ஸ்டார்பேர்ட் இதே பாதையில் எதிர்ப்பக்கமிருந்து வந்தார். கண்ணாடிக் குமிழ் போன்ற கூரை வைத்து 1960-ல் அவர் செய்த ‘பிரெடிக்டா’ என்ற நிஜக் கார், பிறகு மோனோகிராம் மாடலாகக் கடைக்கு வந்தது. நிஜக் கார்களை நிறுத்திய காட்சிகளில் மாடல் கார்களுக்கும் போட்டி வைத்தார்கள், பரிசு கொடுத்தார்கள்.

அதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-ல் சிறுவர்களுக்கு ஒரு மாடல் போட்டி தொடங்கியது. முதலில் நெப்போலியனின் சாரட் வண்டி, 1937 முதல் சொந்தக் கற்பனையில் கார். கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகைதான் பெரிய பரிசு. 1968 வரை நடந்தது. 1947-ல் வென்ற சார்லஸ் ஜோர்டன் என்ற பையன், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். அந்தப் போட்டியில் ஒரு பெரிய குறை, பெண் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்.

ஏன் இதை உங்களிடம் சொல்கிறேன்? உங்கள் பிள்ளைகளில் சிலர் அட்டையிலும் ஃபோம் ஷீட்டிலும் அரசு பஸ், ஆம்னி பஸ் செய்கிறார்கள். “படிக்கிற வயசில் என்ன இது?” என்று உங்களில் சிலர் என்னிடம் போனில் குறைப்பட்டுக்கொண்டீர்கள். இன்னொரு பக்கம், பள்ளிக் கண்காட்சிக்கென்று கடையில் ஆர்டர் கொடுத்து வாங்கிய தெர்மாகோல் எரிமலைகள் முதல் பரிசு வாங்குகின்றன. பிள்ளை செய்த பஸ் பரணில் கிடக்கிறது, அப்பா வாங்கிய எரிமலை மேடையில் நிற்கிறது. இது சரியா?

எல்லாப் பிள்ளையும் வடிவமைப்பாளர் ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் அளந்து வெட்டுகிறவனுக்கு விகிதம் புரியும். பெயின்ட் காயும்வரை காத்திருக்கிறவளுக்குப் பொறுமை வரும். நாம் வகுப்பில் தொண்டை வற்றக் கத்திச் சொல்லித்தருவது இவற்றைத்தானே?

என் மாணவர்களில் இன்று தலைமை ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், ஷோரூம் நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் நடத்தும் விழாவில் பிள்ளைகளின் கைவேலைக்கு ஒரு மேஜை போடுங்கள். ஓரத்தில் வேண்டாம், நுழைவாயில் பக்கம் போடுங்கள். சொந்தக் கையால் செய்தது மட்டும், செய்த பிள்ளையே பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். நடுவராக வி.ஐ.பி.யைக் கூப்பிடாதீர்கள். ஒரு டிங்கரிங் பட்டறைக்காரரை, ஒரு தச்சரை, ஒரு தையல்காரம்மாவைக் கூப்பிடுங்கள். குறை இருந்தால் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள், சரிசெய்யும் வழியையும் சொல்லிக்கொடுப்பார்கள். எல்லாருக்கும் ஒரே சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைவிட அது பெரிய மரியாதை.

லாரிவீயைப் போல நிஜ பஸ் செய்து தர வேண்டாம். நின்று, குனிந்து, “இந்தக் கதவு எப்படித் திறக்கிறது?” என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். மேஜை போட்டவர்கள் எனக்குப் புகைப்படம் அனுப்புங்கள், பக்கத்து ஊர் என்றால் நானே வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்